அடுத்தவர் தாளில் கை வைக்காத டீச்சர்

காரைக்காலில் போட்டோவைப் பார்த்து உருவப்படம் வரைந்து கொடுக்கிறவள் லோரான்ஸ். ஞாயிறு பூசை முடிந்ததும் வீட்டு மாடியில் பெரியவர்களுக்கு ஓவிய வகுப்பு எடுக்கிறாள். வகுப்பில் ஒரே ஒரு விதி: யாருடைய தாளிலும் டீச்சர் கை வைக்க மாட்டாள். கோடு கோணிக்கொண்டு போனால் தன் தாளில் வரைந்து காட்டுவாள். நீங்கள் தலைகீழாக நின்றாலும் அவள் பென்சில் உங்கள் பக்கம் வராது.

காரணம் கீழே கூடத்தில் தொங்கியது. ஆறாம் வகுப்பில் போட்டிக்காக அவள் வரைந்த அரசலாற்றுப் பாலம். தண்ணீரை மட்டும் சரிசெய்கிறேன் என்று தூரிகையை வாங்கிய ஓவிய வாத்தியார், பாலத்தையும் முடித்துவிட்டுத்தான் கையை எடுத்தார். முதல் பரிசு கிடைத்தது. பிரெஞ்சு ராணுவத்தில் ஓய்வு பெற்ற அப்பா சேவெரின் அதற்குக் கண்ணாடி போட்டு மாட்டினார். பிரான்சிலிருந்து யார் வந்தாலும் காபிக்கு முன்னால் அதைத்தான் காட்டுவார். முப்பது வருடமாக லோரான்ஸ் அந்த நேரம் பார்த்து அடுக்களைக்குள் போய்விடுவாள். வாத்தியார் விட்டிருந்தால் தன் பாலம் எப்படி வந்திருக்கும் என்பது இனி தெரியப்போவதே இல்லை. அந்த ஆற்றாமை அவளுக்குத் தீரவில்லை. அது இன்னொருவருக்கு வரக்கூடாது என்றுதான் வகுப்பே தொடங்கினாள்.

அந்த விதிக்குச் சோதனையாக வந்தவர் சகாயம்மாள். பட்டினச்சேரியில் மீன் எடுத்துவந்து டவுனில் கூறு போட்டு விற்பவர். இறந்துபோன கணவர் அருளானந்தத்தின் படம் வேண்டும் என்றார். இருந்த ஒரே போட்டோ ஆதார் அட்டையில். அதைக் காட்டினால் அருளானந்தத்துக்கே தன்னை அடையாளம் தெரியாது. லோரான்ஸ் மூன்று தடவை வரைந்தாள். மூன்று தடவையும் "இது அவரு இல்ல" என்று திருப்பிக் கொடுத்தார்.

"அவங்க மொகம் உங்களுக்குத்தான் தெரியும். நீங்களே வரைங்கக்கா, நான் சொல்லித் தர்றேன்."

எட்டு மாதம் வந்தார். கண் வந்தது, மீசை வந்தது. மூக்கு மட்டும் ஒரு பக்கமாகவே சாய்ந்தது. அருளானந்தத்தின் வருஷ பூசைக்கு முந்தின ஞாயிறு, தாளை டீச்சர் பக்கம் நகர்த்தினார்.

"நாளு இல்ல டீச்சர். இந்த மூக்க மட்டும் போட்டுடுங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

"உங்களுக்குத் தெரியுமேக்கா."

"ஊருக்கெல்லாம் வரைஞ்சு குடுக்குறீங்க. எனக்குன்னா கை வலிக்குதா?"

நாலு கோடு போதும். லோரான்ஸ் பென்சிலை எடுத்தும்விட்டாள். பிறகு அதைச் சகாயம்மாள் கையிலேயே வைத்தாள். அவர் தாளைச் சுருட்டிக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். புருஷனை இழந்தவரை நோகடித்துவிட்டோமே என்று அந்த வாரம் முழுக்க லோரான்ஸ் தன்னையே திட்டிக்கொண்டாள்.

பூசை நாளன்று கூப்பிடாமலே அவர் வீட்டுக்குப் போனாள். மெழுகுவர்த்திக்குப் பின்னால் படம் இருந்தது, கோணல் மூக்கோடு.

"யாரு வரைஞ்சது?" என்று கேட்டார் அருளானந்தத்தின் தம்பி.

"நான்தான்," என்றார் சகாயம்மாள்.

"மூக்கு கோணலா இருக்கே."

"கோணல்தான். என் கைக்கு அவ்வளவுதான் வந்துச்சு. சாப்புட வாங்க." லோரான்ஸுக்கும் முதல் பந்தியிலேயே இலை போட்டார்.

கூடத்துப் பாலத்தைக் காட்டி "நான்தான்" என்று அப்படிச் சொல்ல லோரான்ஸால் ஒருநாளும் முடிந்ததில்லை. வீட்டுக்கு வந்ததும் நேராக அப்பாவிடம் போய் நின்றாள்.

"அப்பா, அந்தப் பாலம் நான் போட்டதில்ல. சார் போட்டது."

சேவெரின் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். எழுந்து போய் அதைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

"அப்ப நீ போட்டது ஒண்ணு குடும்மா," என்றார். "ஆணி சும்மாத்தானே இருக்கு."