இரண்டு நிமிடத்துக்குள் வராத பேச்சு

அப்பாவும் நானும் சேர்ந்து செய்த கடைசி வேலை, அவர் பேச்சுக்கு நேரம் பார்த்தது. அவர் சமையலறையில் நின்றபடி பேசினார். நான் ஒரு கையால் கரண்டியை மைக் மாதிரி அவர் முன்னால் நீட்டிக்கொண்டு, மறு கையில் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நிமிடம் ஆனதும் கரண்டியை இழுத்துக்கொண்டேன். அப்படித்தான் செய்யச் சொல்லியிருந்தார்.

"இன்னும் விஷயத்துக்கே வரலையே" என்றார்.

"ஊர்ல எல்லார் வாயையும் அடைச்சீங்க. இப்ப உங்க வாய் நிக்க மாட்டேங்குது" என்றாள் அம்மா. "கரண்டியக் குடும்மா, அடி பிடிக்குது."

அப்பா நகராட்சியில் ஒலிபெருக்கிக்காரர். கட்டட விதிகளை மாற்றும்போதெல்லாம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டுக் கூட்டம் நடத்துவார்கள். ஆம்ப்ளிஃபயரைத் தோளில் சுமந்து போய், வயர் இழுத்து, பேசுகிறவரிடம் மைக்கைக் கொண்டுபோவது அவர் வேலை. மைக்கை யார் கையிலும் கொடுக்க மாட்டார். கொடுத்தால் திரும்பி வராது. தானே பிடித்துக்கொண்டு நிற்பார். இரண்டு நிமிடத்தில் மேடையில் மணி அடிக்கும், மைக் அடுத்தவரிடம் போய்விடும்.

புதுக் கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால் ஜனங்கள் எதிர்வீட்டைப் பற்றித்தான் பேசுவார்கள். எதிர்வீடு இரண்டு மாடியோடு நிற்க வேண்டும். தங்களுக்கு மட்டும் ஒன்று கூடுதலாக வேண்டும்.

"எல்லாரும் சட்டம் வேணுங்கறாங்க. பக்கத்து வீட்டுக்கு" என்பார் அப்பா, வலிக்கிற கையை உதறிக்கொண்டே. சிரிக்கத் தெம்பு இருக்காது. செருப்பைக் கழற்றியதும் படுத்துவிடுவார்.

ஊழியர் என்பதால் அவர் கருத்துச் சொல்லக் கூடாது. அவருக்கென்று ஒரு கருத்து இருந்ததே ஓய்வு பெற்ற பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. புதிய வரைவில் ஒரு விதி வந்தது. கடைத்தெருவில் எழும் ஒவ்வொரு கட்டடமும் நடைபாதைக்கு மேல் சன்ஷேடு நீட்ட வேண்டும். கட்டுகிறவர்கள் வீண்செலவு என்றார்கள். கூட்டத்தில் ஆதரித்து யாரும் பேசாவிட்டால் விதியை எடுத்துவிடுவதாக அலுவலகம் அறிவித்தது.

நான் கட்டுமானப் பொறியாளர். செலவைக் குறைக்கச் சொன்னால் வரைபடத்தில் முதலில் அடிபடுவது சன்ஷேடுதான். இதை அப்பாவிடம் சொன்னேன்.

"பழைய கடைங்க பக்கம் நிழல்லயே போயிடலாம்மா. கண்ணாடிக் கட்டடங்க பக்கம் போனா வெயில்ல ஆம்ப்ளிஃபயர் பெட்டி சூடாயி தோளையே பொசுக்கிடும். ஒவ்வொரு கூட்டத்துலயும் இதை யாராவது சொல்லுவாங்கன்னு பாத்தேன். ஒருத்தரும் வாயத் தெறக்கல."

பேச விரும்புகிறவர்கள் முன்கூட்டியே அலுவலகத்துக்குப் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். பெயர் மட்டும் போதும்.

"குடுத்துட்டு வந்துடுங்கப்பா. பேச்ச அப்புறம் சுருக்கிக்கலாம்."

"குடுத்துட்டு, நேரம் தாண்டிட்டா? எத்தனை பேர்கிட்டேருந்து மைக்கை இழுத்திருக்கேன். அவங்க முன்னாடி என்கிட்டேருந்து ஒருத்தன் இழுக்கணுமா? ரெண்டு நிமிஷத்துல வரட்டும், போறேன்."

வரவில்லை. பெட்டி சுட்டதை எடுத்தால் கண்ணாடிக் கட்டடம் நீண்டது. தொடக்கத்தில் அதிகாரிகள் ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொன்னார். அதை எடுக்கச் சொன்னேன். மரியாதை இல்லாமல் என்ன பேச்சு என்றார்.

பெயர் கொடுக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. புதன்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். மாரடைப்பு. வெள்ளிக்கிழமை வீடு நிறைய உறவுக்காரர்கள். எனக்கு அன்று என்ன கிழமை என்றே தெரியாது.

பிறகு கூட்டம் நடந்த அன்று நான் போனேன். பெயர் கொடுத்தவர்களோ, அவர்கள் சார்பில் வீட்டாரோ மட்டும்தான் பேசலாம் என்றார்கள். அப்பாவின் பெயர் பட்டியலில் இல்லை. பின்வரிசையில் உட்கார்ந்தேன். ஒருவர் எதிர்வீட்டு மாடிப்படியைப் பற்றிப் பேசினார். இன்னொருவர் பக்கத்து வீட்டுச் சாக்கடையைப் பற்றி. நடைபாதை நிழலைப் பற்றிக் கருத்து எதுவும் வரவில்லை என்று மேடையிலிருந்து வாசித்தார்கள். விதியை எடுத்துவிட்டார்கள்.

அலுவலகம் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கிறது. பெயர் எழுதும் ஜன்னல் கீழ்த்தளத்தில், வாசலை ஒட்டி. அங்கே உட்கார்ந்திருப்பவர் அப்பாவோடு வேலை பார்த்தவர். பெயரைச் சொல்லக்கூட வேண்டியிருந்திருக்காது. அப்பா போய் நின்றிருந்தால் போதும்.