‘துணை’ என்று எழுதிய செல்வி

பனியில் நனைந்து பாதி காய்ந்த கம்பளி வாசனை... ஏற்காட்டில் வேலை பார்த்தவர்களுக்கு அது தெரியும். அங்கே ஒரு பள்ளியில் நான் ஆபீஸ் கிளார்க்காக இருந்த நாட்கள். திங்கள் காலை மேலே, வெள்ளி மாலை கீழே சேலத்துக்கு.

அந்த மாசியில் ஒரு போட்டி வந்தது. ஏதோ ஒரு காலேஜ் மாணவர்கள் குட்டி சாட்டிலைட் செய்திருந்தார்கள். அதற்குப் பள்ளிப் பிள்ளைகள் பெயர் சொல்ல வேண்டும். தமிழில் ஒரே சொல், காரணம் மூன்று வரி. ஜெயித்தால் ராக்கெட் விடுவதை நேரில் பார்க்கலாம்!

எட்டாம் வகுப்பில் முப்பத்தொரு பேர் துண்டுத்தாளில் எழுதினார்கள். கடைசித் தேதி நெருங்கிவிட்டது. சயின்ஸ் டீச்சர் படித்துக்கூடப் பார்க்காமல் கவரில் போட்டு ஒட்டி என்னிடம் கொடுத்தார்.

"சேலத்துல போட்டீங்கன்னா வெரசாப் போயிருமுங்க."

ஸ்வெட்டர் பாக்கெட்டில் வைத்தேன். அடிவாரம் வந்ததும் வெக்கை முகத்தில் அடிக்கும். பஸ்ஸில் அத்தனை பேரும் ஸ்வெட்டரைக் கழற்றிப் பையில் திணிப்பார்கள். நானும் திணித்தேன். குளிர்தான் முடிந்ததே என்று வீட்டில் அந்தப் பையை அப்படியே பரணில் போட்டுவிட்டேன்.

திங்களன்று டீச்சர் கேட்டார்.

"போட்டாச்சுங்க டீச்சர்."

உண்மையிலேயே போட்டேனா என்று யோசிக்கவே இல்லை... வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ஜூனில் பள்ளி திறந்த பிறகு பேப்பரில் முடிவு வந்தது. சாட்டிலைட்டின் பெயர் ‘துணை’. வேறு மாவட்டத்துப் பையன் சொன்னதாம்.

ஒன்பதாம் வகுப்புக்குப் போயிருந்த அந்தப் பிள்ளைகளிடம் டீச்சர் அதை வாசித்தபோது, தலைச்சோலை கிராமத்திலிருந்து வரும் செல்வி துள்ளி எழுந்தாள்.

"டீச்சர், நானும் அதேதானுங்க எழுதுனேன்!"

"பேப்பர்ல வந்த பொறவு யாரு வேணும்னாலும் சொல்லலாம். உக்காரு."

வகுப்பே சிரித்தது. ஆபீசில் கேள்விப்பட்டு நானும் சிரித்தேன். அன்றிலிருந்து பிள்ளைகள் அவளைப் ‘புளுகுணி’ என்றுதான் கூப்பிட்டார்கள். மாதக்கணக்கில்.

கார்த்திகை. பரணிலிருந்து ஸ்வெட்டரை எடுத்து, மலையேறும் பஸ்ஸில் போட்டுக்கொண்டேன். பாக்கெட்டில் ஏதோ மொத்தமாக...

ஐயோ.

அங்கேயே கவரைப் பிரித்தேன். நாலைந்து தாள் தள்ளி அவள் கையெழுத்து.

‘துணை. எங்கள் மலையில் எல்லா வண்டியிலும் சேர்வராயன் துணை என்று எழுதியிருக்கும். இது தனியாகப் போகிற வண்டி. இதற்கும் வேண்டும்.’

கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றுகூட எனக்கு ஞாபகமில்லை. வேலை போனாலும் போகட்டும் என்று நேராக அவள் வகுப்புக்குப் போனேன். எல்லோர் முன்னாலும் அந்தத் தாளை வாசித்தேன். பொய் சொன்னது நான்தான் என்றேன். டீச்சர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

செல்வி அழுவாள், கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப நானு நெசமாலுமே எழுதியிருந்தேனுங்களா சார்? எல்லாரும் சொல்லிச் சொல்லி, நாந்தான் பொய் சொல்றேன்னு நெனச்சுட்டேனுங்க."

கவரைப் பார்த்தபோதுகூட எனக்கு அப்படித் தூக்கிவாரிப் போடவில்லை.

இப்போது விண்கலத்துக்குப் பெயர் சொல்ல போனிலேயே ஃபார்ம் இருக்கிறது. போன வாரம் என் மகள் ஒன்று அனுப்பினாள். அனுப்பிய நொடியில் ‘கிடைத்தது’ என்று பதில். நல்லதுதான். அன்று முப்பத்தொரு பிள்ளைகள் என் வாய்ச்சொல்லை நம்பி, போய்ச் சேர்ந்திருக்கும் என்று காத்திருந்தார்கள்.