பட்லர் திருப்பதிக்குப் போன கதை

எங்கள் வீட்டுக்கு ஒரு பட்லர் உண்டு. சித்தூரில் பட்லர் வைத்திருக்கும் ஒரே தமிழ் எழுத்தாளர் நானாகத்தான் இருப்பேன். பட்லர் என்றதும் வெள்ளைக் கையுறையை நினைத்துவிட வேண்டாம். மடித்துக் கட்டிய லுங்கி, என் கணவரின் பழைய பேங்க் டீ ஷர்ட், தோளில் ஒரு துண்டு. அவ்வளவுதான்.

அவர் சத்தியவேடு பக்கத்துச் செங்கல் சூளை ஒன்றில் கொத்தடிமையாக இருந்தவர். அப்பா வாங்கிய முன்பணத்துக்காகச் சின்ன வயதில் உள்ளே போனார். அதிகாரிகள் ஜீப்பில் வந்து மீட்டபோது தலை நரைத்துவிட்டிருந்தது. அப்பா, அம்மா, தங்கை எல்லாரும் அந்தச் சூளையிலேயே போய்ச் சேர்ந்திருந்தார்கள். மீட்பு வேலையில் இருந்த என் தோழி, "கொஞ்ச நாள் உங்க வீட்டுத் தோட்டத்தைப் பார்த்துக்கட்டும்" என்று சொல்லி அழைத்துவந்தாள்.

வந்த புதிதில் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்பார். தண்ணீர் குடிக்கட்டுமா, உட்காரட்டுமா, ஒண்ணுக்குப் போய் வரட்டுமா. எனக்குக் கூசும். ஒருநாள் என் கணவர் பொறுக்க முடியாமல் சொன்னார்: "இதோ பாருங்க, நீங்கதான் இந்த வீட்டு பட்லர். பட்லர் யாரையும் கேக்க மாட்டாரு."

"பட்லர்னா இன்னா சார்?"

"வீட்டுக்குப் பெரியாள். முதலாளிக்கே அவர்தான் சொல்லுவாரு."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அன்று சாயங்காலமே அடுப்படி கைமாறியது. எங்கள் வீட்டில் என்ன குழம்பு என்பதை அன்றிலிருந்து நாங்கள் தட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம். மத்தியானம் நான் எழுதும் அறைக்கு வந்து, "எழுதனது போதும்மா, துன்னுட்டு எழுது" என்று மின்விசிறியை நிறுத்திவிடுவார். சித்தூர் வெயிலில் அதற்கு மேல் யார் எழுத முடியும்?

ஒன்று மட்டும் எங்களுக்குள் ஒத்துவரவில்லை. அவர் கேட்டை மூட மாட்டார். சூளையில் கேட்டுக்கு வெளியே பூட்டு தொங்குமாம். நான் மூடுவேன், அவர் போய் அகலத் திறந்துவைப்பார். ஒருநாள் தெருப்பசு உள்ளே வந்து, காயவைத்த கூழ்வடகம் அத்தனையையும் தின்றுவிட்டு, வாசற்படியிலேயே படுத்து அசைபோட்டது. "அதுவும் அதுவா வந்துச்சி, அதுவா போவும்மா" என்றார். போகவில்லை. என் கணவர் அதைத் தாண்டித்தான் பேங்குக்குப் போனார்.

மாதம் ஒருமுறை எங்கள் கூடத்தில் இலக்கியக் கூட்டம் நடக்கும். ஒருமுறை திருப்பதியிலிருந்து ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் தம்முடைய காவியத்தோடு வந்தார். முதல் காண்டம் முடிந்தது. இரண்டாவது தொடங்கியது. நம்முடையவர் தேநீர்த் தட்டோடு வந்து, கொடுக்காமல் அப்படியே நின்று, ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எழுந்து போக ஆசைப்பட்டு, போக முடியாமல் உட்கார்ந்திருக்கும் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தட்டைக் கீழே வைத்தார்.

"யாருக்காச்சும் போவணும்னா போலாம். கேட்டு தொறந்துதான் கீது. யாரும் புடிச்சி வெக்கல."

முதலில் கடைசி வரிசைக்காரர், "பிள்ளைக்கு ட்யூஷன்" என்று எழுந்தார். அவர் பின்னால் இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் கூடத்தில் நானும் பேராசிரியரும்தான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, பட்லரை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "அப்போ நானும் போகலாமா?"

"தாராளமா போ சார். டீ குடிச்சிட்டுப் போ."

பேராசிரியர் பெரிய மனுஷர். சிரித்துவிட்டார், இரண்டு டம்ளர் குடித்தார்.

இப்படி இருந்தவர் ஒருநாள் காலையில், "திருப்பதிக்குப் போய்க்கினு வரேன்" என்றார். கேட்கவில்லை, சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. மறுநாள் வந்துவிடுவதாகச் சொன்னவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. கூப்பிட்டால் அவருடைய போன் வீட்டு அலமாரியில் அடித்தது. கழுத்தில் கயிறு கட்டினாற்போல் இருக்கிறது என்று அதை எங்கேயும் எடுத்துப் போக மாட்டார். "வருவாரு, விடு" என்றார் கணவர். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பஸ் ஏறிவிட்டேன்.

திருப்பதியில் ஒரு ஆளைத் தேடுவது கஷ்டம். மொட்டை போட்டுக்கொண்ட ஆளைத் தேடுவது அதைவிடக் கஷ்டம். பஸ் ஸ்டாண்டில் ஒரு முதுகைப் பார்த்து, "அண்ணா!" என்று தொட்டேன். திரும்பியவர், "எவரம்மா நுவ்வு?" என்று சீறினார். நான் யாரென்று தெலுங்கில் விளக்கும் நிலையில் நானும் இல்லை. கடைசியில் மலையடிவாரத்தில், அலிப்பிரியில், ஒரு மரத்தடியில் கண்டுபிடித்தேன். மொட்டைத் தலையோடு, யாரோ ஒரு யாத்ரீகக் குடும்பத்தோடு உட்கார்ந்து, இலையில் புளிசாதம் தின்றுகொண்டு, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. எச்சில் கையோடு எழுந்தார். முதுகு தானாக வளைந்தது. "இதோ வந்துட்டேம்மா. வந்துக்கினே கீறேன். சும்மா உக்காந்துனு இருந்தேன், அவ்ளோதான்."

சூளையிலிருந்து ஓடியவர்களைத் தேடிக்கொண்டு ஆள் வருமாம். ஒருமுறை ரேணிகுண்டா ரயிலடி வரைக்கும் வந்து அவரைப் பிடித்துப் போனதாகச் சொல்லியிருக்கிறார். இப்போது நான் வந்து நிற்கிறேன், வியர்த்து விறுவிறுத்து. என் வாயில் அந்த நேரத்தில் வந்தது இதுதான்:

"உங்களைத் தேடி வரலண்ணா. நான் மொட்டை போட வந்தேன்."

"மொட்டையா? நீயா?"

"வேண்டுதல்."

என் பின்னலை ஏற இறங்கப் பார்த்தார். முதுகு மெல்ல நிமிர்ந்தது. முகத்தில் பட்லர் திரும்பி வந்தார். "அத்த சொல்லக் கூடாதா? வா, நான் கூட்டிக்கினு போறேன். எனக்கு எல்லாம் தெரியும்."

தப்பிக்கப் பார்த்தேன். மலைக்குப் போகும் பஸ்ஸில், பெண்கள் மூன்று கத்திரி வெட்டு, நுனிமுடி மட்டும் கொடுத்தால் போதும் என்று மெதுவாக ஆரம்பித்தேன். "சாமிகிட்ட பேரம் பேசாதம்மா" என்று முடித்துவிட்டார். முடி காணிக்கை கொடுக்கும் கல்யாணகட்டாவில் என்னைச் சம்மணமிட்டு உட்காரவைத்து, தலையில் தண்ணீர் தெளித்து, முடி எடுக்கும் அம்மாளிடம், "பாத்து எடும்மா, பெரிய ரைட்டரு" என்றார். அந்த அம்மாளுக்குத் தமிழ் புரியவில்லை போலிருக்கிறது. என் பின்னல் மடியில் விழுந்தபோது எனக்கு அழுகை வந்தது. "சாமி ஏத்துக்கிச்சி" என்று அவர் பூரித்துப்போய்ச் சந்தனத்தைக் குழைத்து என் தலை முழுக்க அப்பினார்.

திரும்பி வரும்போது சந்திரகிரி தாண்டியதும், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டார்: "ஏம்மா, பொய் வேண்டுதலுக்குக்கூட சாமி முடி வாங்கிக்குமா?"

நான் தலையில் காய்ந்த சந்தனத்தைச் சுரண்டினேன். பாகாலாவில் பஸ் நின்றபோது எனக்கு வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார்.

கதவைத் திறந்த என் கணவர் இரண்டு மொட்டைகளையும் மாறிமாறிப் பார்த்தார். "நீ போனது ஒரு ஆளைத் தேடத்தானே?" என்று என்னிடம் ஆரம்பித்தவரைக் கண்ணால் அடக்கினேன். "அம்மாக்கு வேண்டுதல் சார்" என்று சொல்லிவிட்டு, அவர் நேராக அடுப்படிக்குப் போனார். ரசம் கொதிக்கும் வாசனை வந்தது.

போன வாரம் புத்தூரில் யாருக்கோ கல்யாணம் என்று கிளம்பிப் போனார். எப்போது வருவார் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, தேடிப் போகவும் இல்லை. என் முடி இப்போதுதான் காதைத் தொட்டிருக்கிறது.