விரதக்காரர்

பொங்கல் வந்தால் எங்கள் ஊர் சடுகுடுவில் தோற்கும். அவரைச்செடி காய்ப்பதைப் போல, களத்து ராகித்தாள் பனியில் நனைவதைப் போல, அதுவும் அந்தப் பருவத்துக்குரிய நிகழ்ச்சியாகவே எல்லோராலும் ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தது. கெலமங்கலத்துக்கு மேற்கே, மைசூர் ராஜ்யத்தின் எல்லைக்கல் நட்டிருந்த தரிசு நிலத்தில் ஆட்டம் நடக்கும். கல்லுக்கு அந்தப் பக்கத்து ஊர்தான் எதிரணி. அவர்கள் அந்த நாளைச் சங்கராந்தி என்பார்கள்; நாங்கள் பொங்கல் என்போம். மற்றபடி இரண்டு ஊருக்கும் மண் ஒன்று, களி ஒன்று, வசவுகளும் பெரும்பாலும் ஒன்று. தோற்பது மட்டும் எங்களுக்கே உரியதாக இருந்தது.

அறுபதுகளின் கடைசி ஆண்டுகள் அவை. எனக்கு எட்டு வயதிருக்கலாம். எங்கள் அணிக்குத் தலைவர் அப்பா. தோல்வியை ஒரு குடும்பச் சொத்தைப் போல ஆண்டுதோறும் பராமரித்து வந்தவர் என்று பெரியப்பா அவரைச் சீண்டுவார். அம்மாவின் தம்பியான மாமா எங்கள் வீட்டோடு தங்கி உழுதுகொண்டிருந்தார். கணுக்காலைப் பிடித்தாரென்றால் பிடித்ததுதான். ஆனால் எதிர்க்கோட்டுக்குள் பாடிச் சென்று தொட்டுவிட்டுத் திரும்பி வர எங்களிடம் ஆளில்லை. அவர்களிடம் ஒருவர் இருந்தார். ஒரே மூச்சில் அவர் பாடத் தொடங்கினால், சாமை இடிக்கும் பெண்கள் உலக்கையை நிறுத்திக் கேட்பார்கள் என்று சொல்லுவார்கள். அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் எல்லோருக்கும் அவர் மூச்சுக்காரர்.

அந்த ஆண்டு அப்பாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. எங்கள் பக்கத்தில் முய்யாள் என்றொரு வழக்கம் உண்டு. ராகி அறுப்புக்கு இன்று நீ என் காட்டுக்கு வந்தால், நாளை நான் உன் காட்டுக்கு வரவேண்டும். அப்படி வருகிறவருக்குக் கூலி கிடையாது. வயிறு நிறையக் களி போட வேண்டும், அவ்வளவுதான். காட்டு வேலைக்கு முய்யாள் மாற்றிக்கொள்ளலாமென்றால் சடுகுடுவுக்கு ஏன் கூடாது? மாமாவை அவர்களுக்குக் கொடுப்பது, மூச்சுக்காரரை நாம் வாங்கிக்கொள்வது.

ராகிப் போர் போட்டிருந்த களத்தில் ஊர் கூடிப் பேசியது. நான் தாளுக்குள் புதைந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நம்ம வீட்டுப் பையனைத் தூக்கிக் குடுத்துட்டா, அப்புறம் யாருடா பிடிக்கிறது? நீயா? உனக்குக் குனிஞ்சா நிமிர முடியல" என்றார் பெரியப்பா.

"பிடிச்சு என்னண்ணா பண்றது? இங்கிருந்து பாடிட்டுப் போறவனெல்லாம் அங்கேயே தங்கிடறானுங்க. விருந்தாளி மாதிரி" என்றார் அப்பா.

"அவன் கன்னடத்துல பாடுவான்."

"மூச்சுக்கு ஏதுண்ணா பாஷை?"

களமே சிரித்தது. பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "அவன் எந்தப் பக்கத்து ஆளுன்னு தெரியுமில்ல?" என்றார்.

"எந்தப் பக்கமா இருந்தா என்ன, ஆட்டத்துக்குத்தானே" என்றார் அப்பா.

எல்லைக்கல்லுக்கு எந்தப் பக்கம் என்பதைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அது எல்லோருக்கும் தெரிந்ததாயிற்றே, இதைப் போய் ஏன் இரகசியமாகக் கேட்க வேண்டும் என்று வியந்தேன்.

கடைசியில் மாமாவைக் கேட்டார்கள். மாமா அதிகம் பேசாதவர். "ஆளை மாத்தறதுன்னா ஒழுங்கா மாத்தணும் மச்சான். அங்க போனா நான் அவங்களுக்குத்தான் பிடிப்பேன். முய்யாள்னா வந்த காட்டைத் தன் காடுன்னு நெனச்சு அறுக்கணும். அப்புறம் என்னை ஏசக் கூடாது" என்றார். அப்பா அதற்கும் தலையாட்டினார். ஜெயித்த ஊர் மாரியம்மன் கோயில் முன்பு பந்தி போட்டு, ஆடியவர்களை முதல் வரிசையில் உட்காரவைக்கும் வழக்கம் இருந்தது. அந்த முதல் வரிசையில் ஒருமுறையாவது உட்கார்ந்துவிட வேண்டும் என்பது அப்பாவின் ஆசை.

அந்த ஊரும் ஒப்புக்கொள்ள, ஆட்டத்துக்கு முந்தைய நாள் மூச்சுக்காரர் பழக வந்தார். நான் எதிர்பார்த்தது ஒரு பயில்வானை. வந்தவரோ மெலிந்து, நெஞ்சு மட்டும் சற்று முன்தள்ளி, கூச்சத்தோடு களத்து ஓரத்து மாமரத்தடியிலேயே நின்றார். அவர் பாடிக் காட்டியபோது என் காதுக்குள் வண்டு புகுந்ததைப் போலிருந்தது. எங்கள் ஊர் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பல்லிளித்தார்கள். அப்பா மகிழ்ச்சி தாங்காமல், "முய்யாளுக்குக் கூலி இல்லன்னாலும் கேளப்பா, என்ன வேணும்?" என்றார்.

"கூலி பேடா, வேணாம் அண்ணா." அவர் மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஜெயிச்சா, பந்தியில எனக்கும் ஒரு எலை போடுவீங்களா?"

"எலைக்கு என்னப்பா பஞ்சம்! தலைவாழையே போடறோம்" என்று அப்பா சிரித்தார். இவ்வளவு பெரிய ஆட்டக்காரர் இவ்வளவு சிறியதொன்றைக் கேட்கிறாரே என்று எனக்கு அவர்மேல் இரக்கமாகக்கூட இருந்தது.

மறுநாள் காலையில் அம்மா அணிக்கெல்லாம் களி கிளறினாள். அவரைக்காய்க் குழம்பின் மணம் தெருவரை சென்றது. ஆட்கள் எங்கள் வாசலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். மூச்சுக்காரர் மட்டும் வாசலுக்கு எதிரே களத்து மாமரத்தடியில் வேட்டியை அவிழ்த்து அவிழ்த்துத் தார் பாய்ச்சிக்கொண்டிருந்தார். அம்மா கதவோரம் நின்று, "அவருக்கு?" என்றாள்.

அப்பா பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா களியை உருட்டிக்கொண்டே, "அவனுக்கு இன்னிக்கு விரதம்" என்றார். அப்பா தலையைக் குனிந்து சாப்பிடத் தொடங்கினார்.

நான் சிலிர்த்துப்போனேன். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அம்மா விரதமிருந்து மாலைக்குள் வாடிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். வெறும் வயிற்றோடு சடுகுடு ஆடப்போகிறவர் எப்பேர்ப்பட்ட பக்திமானாக இருக்க வேண்டும்! அம்மா மீந்த களியுருண்டைகளையும் குழம்பையும் தூக்குப்போசியில் வைத்து மூடி, "மாமாகிட்ட குடு" என்று என் கையில் தந்தாள்.

ஆட்ட நிலத்தில் மாமா எதிரணியோடு நின்றிருந்தார். "எனக்கெதுக்குக் கண்ணு? நேத்திலிருந்து இவங்க ஒப்பட்டும் நெய்யுமாப் போட்டே கொல்றாங்க" என்று வயிற்றைத் தட்டிக்காட்டினார். ஒப்பட்டு என்பது அந்தப் பக்கத்துப் போளி. பிறகு, "அங்க எல்லாரும் சாப்பிட்டாச்சா?" என்று கேட்டார்.

"எல்லாரும் சாப்பிட்டாங்க மாமா. மூச்சுக்காரருக்கு மட்டும் விரதம்."

"விரதம்னு யாரு சொன்னது?"

"பெரியப்பா."

மாமா தூக்குப்போசியை வாங்கி எல்லைக்கல்லின் நிழலில் வைத்தார். அவருடைய முகத்திலிருந்து ஒப்பட்டின் மகிழ்ச்சி போய்விட்டிருந்தது. அருகிலிருந்த எதிரணிக்காரர் ஒருவர், "அவனுக்கு எங்க ஊர் பந்தியிலயும் விரதம்தான்" என்று சொல்லிக் கண்ணடித்தார். இரண்டு ஊருக்கும் பொதுவானவை களியும் வசவும் மட்டுமல்ல என்பது அந்தச் சொல்லிலேயே இருந்தது. எனக்கோ அவருடைய பக்திக்கு இன்னொரு சாட்சி கிடைத்த நிறைவு.

ஆட்டம் எங்கள் பக்கமே போனது. மூச்சுக்காரர் போவதும் தொடுவதும் திரும்புவதும் கண்ணுக்குப் பிடிபடவில்லை. வண்டிமேல் உட்கார்ந்திருந்த பெண்கள், வழக்கமாக வெற்றிலை மடிப்பதிலேயே கவனமாக இருப்பவர்கள், எழுந்து நின்று கூவினார்கள். ஆனால் மாமாவும் சொன்ன சொல் தவறவில்லை. எங்கள் ஆட்களை ஒவ்வொருவராகக் கணுக்காலில் பிடித்து மண்ணில் கிடத்தினார். முடிவில் எங்கள் பக்கம் மூச்சுக்காரர் மட்டும், அவர்கள் பக்கம் மாமா மட்டும். கடைசிப் பாட்டு எங்களுடையது. மாமாவைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் பந்தி எங்கள் கோயிலில்.

அவர் பாடிக்கொண்டே கோட்டைத் தாண்டினார். மாமா குனிந்து வட்டமிட்டார். அந்த ரீங்காரத்தைத் தவிர நிலத்தில் வேறு ஓசையில்லை. நெடுநேரம் ஒருவரையொருவர் சுற்றி வந்தார்கள். சட்டென்று மாமா நிமிர்ந்தார். பிடிக்க நீட்டியிருந்த கைகளைத் தொங்கவிட்டார். இப்போது எட்டித் தொட்டுவிடலாம். மாமா கன்னடத்தில், வழியில் எதிர்ப்பட்டவரைக் கேட்பதைப் போல, மெதுவாகக் கேட்டார்:

"ஊட்டா ஆய்த்தா?"

சாப்பாடு ஆயிற்றா என்பது அதன் பொருள். அந்தப் பக்கத்தில் யாரும் யாரையும் நாளெல்லாம் கேட்கிற கேள்வி.

ரீங்காரம் நின்றது. மூச்சுக்காரர் மாமாவின் முகத்தையே பார்த்தார்.

"இல்லா அண்ணா" என்றார்.

மூச்சு விட்டாயிற்று என்று நடுவர் கையை உயர்த்தினார். நாங்கள் தோற்றோம்.

அப்பா பாய்ந்து வந்தார். "என் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு எனக்கே குழி பறிக்கிறியா? தந்திரமாடா பண்றே?"

"தந்திரம் இல்ல மச்சான்" என்றார் மாமா. "அவரைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். கேக்காம இருக்க முடியல. நீங்க கேட்டிருந்தா நான் கேட்டிருக்க வேண்டியதில்ல."

அதன் பிறகு அப்பா யாரையும் ஏசியதாக எனக்கு நினைவில்லை.

எதிரணியினர் மாமாவை முதல் வரிசைக்குத் தூக்கிச் செல்ல வந்தார்கள். அவர் கையை விடுவித்துக்கொண்டு எல்லைக்கல்லை நோக்கி நடந்தார். மூச்சுக்காரர் அங்கே துண்டை உதறிக்கொண்டிருந்தார். இருவரும் கல்லின் நிழலில் உட்கார்ந்தார்கள். மாமா தூக்குப்போசியைத் திறந்து, களியைப் பிட்டு, மூடியில் வைத்து அவர்முன் நகர்த்தினார். பாத்திரத்தில் மிஞ்சியதை அவரும் எடுத்துக்கொண்டார். ஒப்பட்டு நிறைந்திருந்த வயிற்றில் அவர் எங்கே இடம் கண்டுபிடித்தாரோ.

சொற்களைப் பிரித்துப் பொருள் காண்பதையே இன்று நான் படிப்பாகக் கொண்டிருக்கிறேன். 'பக்கம்' என்பதற்கும் 'விரதம்' என்பதற்கும் எங்கள் ஊரில் வழங்கிய பொருளை எந்த அகராதியிலும் பார்த்ததில்லை. அன்றோ நான் பெரியதோர் அபசாரத்தை நேரில் கண்டுவிட்ட பதற்றத்தில் வண்டிக்கு ஓடினேன். அம்மாவும் பெரியம்மாவும் மற்றப் பெண்களும் தோல்வியைப் பற்றி உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா! அம்மா! மூச்சுக்காரர் விரதத்தை முறிச்சிட்டார்!"

வண்டியில் பேச்சு நின்றது. ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. பெரியம்மா வெற்றிலையைக் கிள்ளியபடியே இருந்தாள். அம்மா எல்லைக்கல்லின் பக்கம் பார்த்தாள். பிறகு என் தலையில் கை வைத்தாள். விரதம் முறிவது இவ்வளவு பெரிய பாவமா என்று நான் நடுங்கிப்போய், அவருக்காகச் சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.