பதினொரு மணிக்கு வந்த பேனர் ஆர்டர்

தேவராஜ் அண்ணன் போய்விட்டார். இன்று காலையில். நேரத்தைக் கடைசியில் சொல்கிறேன், காரணம் இருக்கிறது...

இரும்புலியூரில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருந்தவர். காதுகுத்து, கிரகப்பிரவேசம், கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி... எல்லா பேனரையும் அவரே டிசைன் செய்வார். தாம்பரம் பக்கம் இருப்பவர்கள் அவரைப் பார்க்காவிட்டாலும் அவர் வேலையைப் பார்த்திருப்பீர்கள்.

எனக்கு அறிமுகமானது அப்பா இறந்த அன்று. சிட்லபாக்கத்திலிருந்து வீங்கிய கண்ணோடு போய் நின்றேன். போட்டோ, பேர், தோற்றம் தேதி எல்லாம் போட்டவர், 'மறைவு' என்ற இடம் வந்ததும் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"கோச்சுக்காதீங்க மேடம். வூட்ல இன்னொருத்தர் நம்பர் குடுங்க. கேட்டுட்டு போட்டுக்கறேன்."

பெற்ற மகள் சொல்கிறேன், போதாதா? எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சித்தப்பாவுக்கு போன் போட்டுக் கேட்ட பிறகுதான் டைப் செய்தார்.

பிறகொரு நாள் காரணம் சொன்னார். யாரோ சொன்னதை நம்பி, உயிரோடு இருந்த ஆளுக்கு அஞ்சலி பேனர் அடித்துவிட்டாராம்.

"ஆளே கடைக்கு வந்து நின்னான் மேடம். செத்துட்டான்னு போட்டத கூட விட்டுட்டான். போட்டோல தொப்பையா கீறேன்னு சண்டை!"

நான் ரிப்போர்ட்டர். இரண்டு பேரிடம் கேட்காமல் எழுதாதே என்று எங்கள் ஆபீஸில் தினமும் சொல்வார்கள். நிஜமாக அப்படி வேலை செய்த ஒரே ஆளை நான் ஃப்ளெக்ஸ் கடையில்தான் பார்த்தேன்.

அப்புறம் அந்தத் தலைவர் விவகாரம். பேர் வேண்டாம், பழைய நண்பர்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் சேர்த்து மூன்றாவது நாள், மத்தியானம் அண்ணனிடமிருந்து போன்.

"மேடம், ஒரு டவுட்டு. டிவில தலைவர் நல்லா கீறார்ன்றான். இங்க காலைல பதினோரு மணிக்கே ஒருத்தன் வந்து அவருக்கு அஞ்சலி பேனர் கேக்கறான். கன்ஃபர்மான்னேன். கன்ஃபர்ம்தான், இன்னிக்கி தேதிய போடுன்றான். ஹெல்மெட்ட கூட கழட்டல. இன்னா மேடம் இது?"

"போட்டீங்களாண்ணா?"

"ரெண்டாவதா யார கேக்கறது? அதான் தேதி போடாம உங்களுக்கு அடிச்சேன்."

அன்று மாலை ஆறு மணிக்கு அறிவித்தார்கள். உயிர் பிரிந்தது ஐந்து மணிக்காம். அண்ணனின் கம்ப்யூட்டரில் அந்த பேனர் சேவ் ஆன நேரம் காலை 11.20. நானே கண்ணால் பார்த்தேன்.

எழுதினேன். கடைப் பேர் போடவில்லை, ஊர் போடவில்லை. ஆனால் கட்டுரை கொஞ்சம் அழகாக இருக்கட்டும் என்று, பேனரின் மூலையில் இரண்டு புறா பறந்ததை எழுதித் தொலைத்தேன்.

அந்தப் புறா அண்ணனின் முத்திரை. வேறு எந்தக் கடையிலும் கிடையாது. இரண்டே நாளில் நாலு பேர் கடைக்கு வந்து சிபியூவைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஆதாரம் போனது. தலைவர் மரணத்துக்கு ஒரு விசாரணை வைத்து, மாரடைப்பு என்று முடித்தார்கள். அப்படி ஒரு பேனரே கிடையாது, எல்லாம் கட்டுக்கதை என்றார்கள். என் புத்தியை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

மன்னிப்புக் கேட்கப் போனால் அண்ணன் சிரிக்கிறார். "புறா நல்லாகீதுன்னு பேப்பர்லயே எழுதிட்டீங்களே மேடம்... யார் எழுதுவாங்க?"

அதன் பிறகு எங்கே பார்த்தாலும், ஜிஎஸ்டி ரோடு சிக்னலில் பார்த்தால்கூட, ஒரே கேள்விதான். "மேடம், அந்தப் பதினோரு மணிக்கு அவர் இருந்தாரா, இல்லியா?"

ஏற்கெனவே இறந்தவரை மாலை வரை மறைத்து வைத்தார்களா? இல்லை, சாகப்போகிறார் என்று யாருக்கோ முன்பே தெரியுமா? இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாமல் தூக்கம் கெட்ட நாட்கள் உண்டு.

போன வாரம் ஆஸ்பத்திரியில் பார்த்தேன். ஆக்ஸிஜன் மாஸ்க்கைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, அதையேதான் கேட்டார்.

"கண்டுபிடிச்சிடலாம்ணா" என்றேன். பொய்தான்.

இன்று காலை அவர் மனைவி கிரேஸ் அக்கா அழுதுகொண்டே போன் செய்தார். கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு பேனர். அண்ணன் சிரிக்கும் போட்டோ, மூலையில் இரண்டு புறா. 'மறைவு' என்ற இடம் மட்டும் காலி.

"போன மாசமே அவரே போட்டு வெச்சுட்டார்மா. தேதி, நேரம் மட்டும் நீ விசாரிச்சு சொன்னப்புறம்தான் போடணும்னார்."

அக்கா ஒரு நேரம் சொன்னார். வார்டு நர்ஸுக்கு போன் போட்டேன். அவரும் அதே நேரம்தான் சொன்னார்.

காலை 6.40.

ரெண்டு பேர கேட்டாச்சுண்ணா. அக்காவ போடச் சொல்லிட்டேன்.