செதுக்கும் இயந்திரத்துக்கு வைத்த பொட்டு

என் தம்பி பினாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் வேலை பார்த்தான். எண்பதுகளின் நடுவில் ஆட்குறைப்பு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தவன் துணிப்பையோடு மட்டும் வரவில்லை. காய்கறி இறக்கிவிட்டு எங்கள் மலைத்தோட்டத்துப் பக்கம் திரும்பிய லாரி ஒன்றில், சாக்குப் போர்த்திய இரும்புச் சாமான் ஒன்றையும் ஏற்றிக்கொண்டு வந்தான். தொழிற்சாலை கழித்துப்போட்ட செதுக்கு இயந்திரமாம். தகடுகளில் எண் வெட்டிக்கொண்டிருந்ததை இவன் மரம் செதுக்க மாற்றப்போகிறானாம்.

"சோத்துக்கு வழியக் காணோம், இரும்பக் கட்டிக்கிட்டு வந்திருக்கே," என்றேன். அவன் சிரித்தான். அந்தக் காலத்தில் எதற்கெடுத்தாலும் சிரிப்பான்.

நான் தேயிலை ஆலையில் தூள் சலிக்கும் பகுதியில் இருந்தேன். தோட்டம் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் லயத்து வீடு என் பெயரில் இருந்தது. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அது வேறு கதை, இங்கே வேண்டாம். ஒன்பது வருடம் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட்டவளுக்கு, பின்கட்டில் ஒருவன் இருமுவதும் ஆணி அடிப்பதும் எவ்வளவு பெரிய விஷயம் என்று சொன்னால் புரியாது. வாயால் திட்டிக்கொண்டே இருந்தேன். அவன் போய்விடக் கூடாது என்பதுதான் எனக்கு இருந்த ஒரே கவலை.

கவலைக்குக் காரணம் இருந்தது. லயத்து வீட்டில் தோட்டத்தில் வேலை செய்கிறவரும் அவர் குடும்பமும்தான் இருக்கலாம். வேலையில்லாத, முப்பது வயதுத் தம்பியைக் குடும்பம் என்று ஆபீஸ் ஒத்துக்கொள்ளாது. ஒருநாள் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வாசலில் வந்து நின்றார். நல்ல மனிதர்தான், ஆனால் தோட்டத்துத் துரை சொன்னதைத் தாண்டி ஒரு சொல் பேசமாட்டார்.

"துரை ஒரு வழி சொல்றாரு. ஆலைக்கு மேல புதுசா டீக்கடை தொறக்கப் போறாங்க இல்ல, அதுக்குப் பெரிய பேர்ப்பலகை வேணும். ஆயுத பூசை முடிஞ்ச வாரத்துல உன் தம்பி செஞ்சு குடுத்தா வொர்க்ஷாப்புல வேலை. குடுக்கலன்னா இங்க இருக்க முடியாது லா. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

மறுநாள் நல்ல கெட்டி மரத்தில் இரண்டு பலகைகள் வந்தன. ஒன்று பேர்ப்பலகைக்கு, மற்றது அது கெட்டுப்போனால் மாற்றுக்கு. அதற்கு மேல் கிடையாது என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

தம்பி ஒரு சின்னக் கம்ப்யூட்டரை இயந்திரத்தோடு இணைத்திருந்தான். பழைய டிவிதான் அதற்குத் திரை. செதுக்க வேண்டிய எழுத்தெல்லாம் கேசட்டில் இருந்தது. அதை ஓட்டினால் பாட்டு வராது, கீச்சென்று ஒரு சத்தம் மட்டும் வரும். முட்டைக்கோஸ் பெட்டியின் பலகை ஒன்றில் அம்மாவின் பெயரைச் செதுக்கிக் காட்டினான். எழுத்துகளின் பள்ளத்தில் விரலை ஓட்டிப் பார்த்தேன்.

அன்றைக்கு ஒன்றைச் சொல்லிக் கொடுத்தான். இயந்திரத்தின் மூலையில் ஒரு பிளவுக்குள் எதிரெதிராக அரிசி அளவில் இரண்டு கண்கள் இருந்தன. ஒன்று வெளிச்சம் விடும், மற்றது வாங்கும். செதுக்கும் உளி முதலில் அந்த மூலைக்கு ஓடும். அதோடு போகும் தகடு நடுவில் புகுந்து வெளிச்சத்தை மறைத்ததும், வீடு வந்துவிட்டது என்று இயந்திரம் தெரிந்துகொள்ளும். அங்கிருந்துதான் அளக்கத் தொடங்கும். "இந்தக் கண்ணு ரெண்டும்தான்க்கா இதுக்கு உசுரு," என்றான்.

எங்கள் தோட்டத்தில் ஆயுத பூசையன்று பொட்டில்லாத இரும்பைப் பார்க்க முடியாது. ஆலையில் இலை அரைக்கும் உருளைகள், லாரிச் சக்கரங்கள், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திகள், கிராணியின் தட்டச்சு இயந்திரம், எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். தம்பியை வொர்க்ஷாப் ஆட்கள் வேலை கிடைக்கும் முன்பே தங்கள் பூசைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனான். நான் வீட்டில் சந்தனம் குழைத்து டிவிக்கு வைத்தேன், மோட்டாருக்கு வைத்தேன். உசுரு என்று சொன்னானே, அதை விடலாமா? பிளவுக்குள் சுண்டுவிரலை நுழைத்து இரண்டு கண்களுக்கும் வைத்தேன். அவனுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் வைத்தேன்.

மறுநாள் முதல் பலகையை மாட்டினான். உளி மூலைக்குப் போகவில்லை. நின்ற இடத்திலேயே இறங்கி எழுதத் தொடங்கியது. அவன் பாய்ந்து நிறுத்துவதற்குள் முதல் எழுத்து பாதி பலகையிலும் பாதி காற்றிலும் இருந்தது.

இரண்டு நாள் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. ஆலை ஓடும்போது லயத்துக்கு வரும் கரண்ட் தொய்ந்துவிடும் என்பதால் ஆலை நிற்கும் நேரமாகப் பார்த்து ஓட்டினான். பனியில் கேசட் நமத்துவிட்டதோ என்று கரியடுப்பின் பக்கத்தில் வைத்துக் காயவைத்தான். கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு ஒயராக அசைத்துப் பார்த்தான். பிளவுக்குள்ளும் ஊதினான், மரத்தூளும் காய்ந்த சந்தனமும் ஒரே நிறம் என்பதால் அவனுக்குத் தெரியவில்லை. லயத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். திருஷ்டிப் பூசணிக்காய்கூட உடைத்துப் பார்த்தோம்.

"அக்கா, நீ இதுல எதையாச்சும் தொட்டியா?"

"உன் பேயை நான் ஏன் தொடுறேன்? வெளக்கு மேல சத்தியமா தொடலடா." விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கையை நீட்டிச் சத்தியமே செய்தேன். பூசை செய்தது அந்த நேரத்தில் என் நினைவுக்கே வரவில்லை. சாமி காரியத்தை யார் குற்றப் பட்டியலில் தேடுவார்கள்?

மூன்றாம் நாள் காலையில் ஒயர் ஒட்டும் ஈயக்கம்பி வாங்க ரிங்லெட் டவுனுக்குக் கிளம்பினான். செருப்பை மாட்டிக்கொண்டே தனக்குள் பேசுவதுபோல், "மூலைக்குப் போகாமலே வீடு வந்துட்டேன்னு நெனைக்குதே," என்றான். அப்போதுதான் பிளவுக்குள் நான் வைத்த பொட்டு நினைவுக்கு வந்தது. அவன் தலை மறைந்ததும் பின்கட்டுக்கு ஓடி, பிளவுக்குள் தீக்குச்சியை விட்டுப் பார்த்தேன். நுனியில் சந்தனம் வந்தது.

அவன் பஸ்ஸுக்குத்தான் நின்றுகொண்டிருந்தான். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். ஆனால் விளக்கின் மேல் சத்தியம் செய்திருந்தேன். அதைவிட, இரண்டு நாளாக அவனை வாய்க்கு வந்தபடி பேசியிருந்தேன். அந்த வாயால் நான்தான் என்று சொல்ல மனம் வரவில்லை. ஈரத்துணியைச் சுருட்டி உள்ளே விட்டுத் துடைத்தேன். துணியில் சந்தனம் வந்தது. போய்விட்டது என்று நம்பினேன்.

அவன் திரும்பி வந்து ஈயம் வைத்து ஒட்டினான். பெட்டிப் பலகை ஒன்றை மாட்டி ஓட்டினான். எழுத்து அச்சாக வந்தது. "என் ஒட்டுதான்க்கா சரியில்ல," என்று சிரித்தான். கடவுள் காப்பாற்றினார், இனிச் சொல்ல வேண்டியதில்லை என்று நானும் அடுப்படிக்குப் போனேன்.

ஈயம் ஒட்டும்போது இடைஞ்சலாக இருக்கிறதென்று அவன் உளியைக் கையால் மூலைக்குத் தள்ளி வைத்திருக்கிறான். அதனால்தான் அந்த ஒருமுறை சரியாக வந்தது. என் ஈரத்துணி ஒரு கண்ணைத் துடைத்து, மற்றதில் சந்தனத்தை இன்னும் நன்றாகப் பூசிவிட்டிருந்தது. இதெல்லாம் பிறகு தெரிந்தது. கடைசிப் பலகையை மாட்டினான். இந்தமுறை உளி நடுவில் நின்றிருந்தது, அங்கேயே இறங்கியது. அவன் நிறுத்த ஓடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, அது பலகையின் ஓரத்தைக் கடித்துக்கொண்டு போவதைப் பார்த்தபடி நின்றான்.

சாயந்திரம் கிராணி வந்தார். தம்பி இரண்டு பலகைகளையும் அவர் முன்னால் வைத்தான்.

"மெஷின்மேல தப்பு இல்ல சார். என் வேலைதான் சரியில்ல. எனக்கு வராதத செய்யப் பாத்தேன்."

நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். வெளியே வர இரண்டே அடி. கிராணி மாதக் கடைசிவரை இருக்கச் சொல்லிவிட்டுப் போனார். தம்பி அதுவரை இருக்கவில்லை. சிங்கப்பூரில் கட்டட வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அந்த வாரமே கிளம்பினான். இயந்திரத்தைப் பழைய இரும்புக்காரனிடம் போடச் சொன்னான். அவன் போன பிறகு பிளவைத் திறந்து, ஊசிமுனையால் சுரண்டி, இரண்டு கண்களையும் பளிச்சென்று ஆக்கினேன்.

அதன்பின் மூன்று வருடம் கழித்து ஒரு தீபாவளிக்கு வந்தான். அங்கே ஒரு கட்டடத்துக்குக் காவலாளியாக இருந்தான். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. வீட்டு ரேடியோ ஒரு மாதமாகக் கரகரத்துக்கொண்டிருந்தது. சின்ன வயதிலிருந்தே கண்ணில் பட்டதையெல்லாம் திருகித் திறக்கிறவன். கையில் எடுத்தால் முகம் மாறும் என்று நினைத்து அவன் முன்னால் வைத்தேன்.

அவன் அதைத் தொடவில்லை. "கடையில குடுத்துடுக்கா. நான் கை வச்சா இருக்கறதும் கெட்டுப் போகும்," என்றான். வருத்தமாகச் சொல்லவில்லை. தெரிந்த ஒன்றைச் சொல்வதுபோல் சொன்னான்.

வீட்டில் நாங்கள் இருவர்தான், அப்போதாவது சொல்லியிருக்கலாம். டீயை ஆற்றி அவன் கையில் கொடுத்தேன். சீனி போதுமா என்று கேட்டேன்.