மச்சாண்டார் முன்னால் கேட்ட கேள்வி

கொரோனாவெல்லாம் ஓய்ந்து, மாஸ்க்கை எல்லோரும் மறந்திருந்த ஒரு கார்த்திகை மாதம். பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி எங்கள் தோட்டம். என் வீட்டுக்காரருக்குச் சளியோடு காய்ச்சல் வந்தது. ஊரே இருமிக்கொண்டிருந்ததால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரோ தேங்காய் போடுகிற வேலையை நிறுத்த மனமில்லாமல், மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கி மிட்டாய் மாதிரி விழுங்கிக்கொண்டு தோப்புக்குப் போய்வந்தார். சோறும் இறங்கவில்லை, தண்ணீரும் சரியாகக் குடிக்கவில்லை. நான் சொன்னால் கேட்கிற ஆளா அவர்?

ஒரு வாரத்தில் காய்ச்சல் இறங்கியது. "பாத்தியா, அதுவா போயிருச்சு" என்று மிதப்பாகச் சொன்ன மனுஷன், இரண்டு நாள் கழித்துக் கட்டிலை விட்டு எழவில்லை. கண் மஞ்சள் பூத்திருந்தது.

பக்கத்து வீட்டிலிருந்து மச்சாண்டார், அதாவது அவருடைய அண்ணன், வந்து பார்த்தார். எங்கள் பக்கத்தில் கண் மஞ்சளானால் காமாலைதான், வேறு பேச்சே கிடையாது. பொள்ளாச்சிப் பக்கம் போய்ப் பச்சிலை மருந்து குடித்துவிட்டு வந்து, உப்பில்லாமல் பத்தியம் இருப்பார்கள். மச்சாண்டாரும் அதற்குத்தான் காருக்குச் சொல்லியிருந்தார்.

எனக்கு மனது ஒப்பவில்லை. நான் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவள். விடிந்ததும் கட்டுத்தரைக்குப் போனால், மாடு சாணி போட்டிருக்கிறதா, மூத்திரம் பெய்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பால் கறக்க உட்காருவேன். அந்தப் பழக்கத்தில் இவரையும் கவனித்திருந்தேன். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து மனுஷன் மூத்திரம் பெய்ய எழவே இல்லை. முகமும் காலும் வேறு உப்பியிருந்தன.

ஆனால் இதை மச்சாண்டார் முன்னால் எப்படிப் பேசுவது? கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் கேட்டதற்கெல்லாம் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பதில் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு நடு வீட்டுக்கு வந்து நின்றேன்.

"ஏனுங்க, நேத்தைக்கிருந்து ஒண்ணுக்குப் போனீங்களா?"

இவர் வெட்கத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "அதையெல்லாம் இங்கயா கேக்கறது?" என்றார் மச்சாண்டார்.

"இங்கதானுங்க மாமா கேக்கோணும். மாட்டுக்கு மூத்திரம் நின்னாக்கூட டாக்டரக் கூப்புடறமுங்க. காரு பாலக்காட்டுக்குப் போகட்டும்."

மச்சாண்டாரே தம்பியைக் கைத்தாங்கலாகக் காருக்குக் கூட்டிப்போனார். பிறகு டிரைவரிடம், "பாலக்காட்டுக்கு உடு" என்று மட்டும் சொல்லிவிட்டு முன் சீட்டில் ஏறிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை முடிந்து டாக்டரம்மா விவரமாகச் சொன்னார். மூக்கு வழியாக வந்த வைரஸ் நெஞ்சோடு நிற்காமல் ஈரலையும் பாதித்திருக்கிறது. போதாக்குறைக்குத் தண்ணீர் குடிக்காமல் வலி மாத்திரை விழுங்கியதில் கிட்னி முக்கால்வாசி வேலையை நிறுத்திவிட்டது. "பத்தியம் இருந்து பாத்துட்டு வந்திருந்தா டயாலிசிஸ்தான். அதுக்கும் நேரம் இருந்திருக்குமோ என்னமோ" என்றார். அதுவரை இருந்த தைரியமெல்லாம் எங்கே போனதோ, வராந்தாவில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

டிரிப் ஏற்றினார்கள், மாத்திரையை நிறுத்தினார்கள். நானும் மச்சாண்டாரும் கட்டிலுக்கு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, குழாய் போட்டுத் தொங்கவிட்டிருந்த மூத்திரப் பையையே பார்த்துக்கொண்டிருந்தோம். மறுநாள் சாயங்காலம் அது நிறையத் தொடங்கியது. மச்சாண்டார் வராந்தாவுக்கு ஓடி, தன் வீட்டுக்குப் போன் போட்டு, அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "தம்பி ஒண்ணுக்குப் போயிட்டான்" என்றார்.

ஈரலும் கிட்னியும் தேற மாசக்கணக்காயிற்று. இப்போது நன்றாக இருக்கிறார், பழையபடி என் பேச்சைக் கேட்காமல்தான் இருக்கிறார். அக்கம்பக்கத்தில் யாருக்குச் சளிக்காய்ச்சல் என்றாலும் நான் போய், யார் முகம் சுளித்தாலும் சரி, அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்கிறேன். அன்றைக்கு மரியாதை பார்த்து வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், எல்லோரும் என்னை நல்ல மருமகள் என்று சொல்லியிருப்பார்கள். சண்டை போட எனக்குத்தான் ஆள் இருந்திருக்காது.